மருந்தைக் குறைக்கும் டாக்டருக்குப் பீஸ் கொடுக்கலாமா?

வில்லியனூர், பாகூர் கிராமங்களுக்கு ஒரு கணக்கு

ஊசி போட்டால் ஜனங்கள் பீஸ் கொடுக்கிறார்கள். மாத்திரை எழுதினாலும் கொடுக்கிறார்கள்.

"சோற்றைக் குறை. சாயங்காலம் நட. பீடியை விடு. அடுத்த மாதம் வா" என்று மட்டும் ஒரு டாக்டர் சொன்னால்?

"இதற்கு எதற்குக் காசு? இதை எங்கள் பாட்டியே சொல்வாளே!" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் புதுச்சேரியில் இன்று இது விளையாட்டுக் கேள்வி அல்ல. பலருடைய காலும் கண்ணும் இதில் அடங்கி இருக்கின்றன.

நாலில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியுடன் நாடு முழுவதும் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2008 முதல் 2020 வரை 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்தார்கள். முடிவு 2023-ம் ஆண்டு வெளிவந்தது.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. அதாவது, வயது வந்தவர்கள் 100 பேரில் 11 பேருக்கு மேல்.

மாநிலவாரியாகப் பார்த்தபோது முதல் இடம் கோவாவுக்கு. அங்கே 26.4 சதவீதம். இரண்டாம் இடம் புதுச்சேரிக்கு. 26.3 சதவீதம்! மூன்றாவது கேரளம், 25.5 சதவீதம்.

புதுச்சேரியில் வயது வந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர் என்று ஆகிறது.

இது புதுச்சேரி முழுவதற்கும் உள்ள கணக்கு. பொதுவாகப் பட்டணத்தில் இந்த வியாதி அதிகம், கிராமத்தில் குறைவு. ஆனால் புதுச்சேரியில் பட்டணம் எங்கே முடிகிறது, கிராமம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. வில்லியனூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பட்டணம். பட்டணத்து டீக்கடையும் பரோட்டாக் கடையும் கிராமத்துச் சாலைக்கு வந்துவிட்டன.

வயல் மாறவில்லை, வேலை மாறியது

பாகூருக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர். பெரிய ஏரி, சுற்றிலும் பச்சை வயல்.

அந்த வயலில் அன்று மனிதர் உழுதார், நட்டார், அறுத்தார், கட்டுச் சுமந்தார். பொழுது சாயும்வரை உடம்பு உழைத்தது. மூன்று வேளைச் சோறும் அந்த உழைப்பில் எரிந்து போயிற்று.

இன்று டிராக்டர் உழுகிறது. இயந்திரம் அறுக்கிறது. அடுத்த தெருவுக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். சோறு மட்டும் அதே அளவு! அதுவும் வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசிச் சோறு.

சோறு வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பின் அறைகளுக்குள் அனுப்ப ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவிதான் இன்சுலின். வயிற்றில் கொழுப்பு ஏறினால் பூட்டு துருப்பிடித்ததுபோல் ஆகிவிடும். சாவி சரியாகத் திறக்காது. சர்க்கரை உள்ளே போக முடியாமல் ரத்தத்திலேயே நிற்கும். நாளடைவில் சாவி செய்யும் கணையமும் களைத்துப் போகும்.

ஆரம்பத்தில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பல ஆண்டுகள் ஆளுக்கே தெரியாது. உள்ளே கண்ணின் நரம்புத்திரை கெடும். சிறுநீரகம் கெடும். காலில் உணர்ச்சி குறையும். வரப்பில் வெறுங்காலோடு நடப்பவருக்கு முள் குத்தியது தெரியாது. புண் பெருகி, விரலை எடுக்கும் நிலை வரும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்.

இலவச ஆஸ்பத்திரி இல்லையா?

உண்டு. புதுச்சேரிக்கு வைத்தியம் புதியது அல்ல. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். 1964 முதல் அந்தப் பெயரில் நடக்கிறது.

வில்லியனூரிலும் பாகூரிலும் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார நிலையம் இருக்கிறது. பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

அப்படியானால் காசு கொடுத்துப் பார்க்கும் சின்ன கிளினிக் எதற்கு?

ஒரே ஒரு பொருளுக்காக. அதன் பெயர் நேரம்.

67 நாடுகளில் ஒரு நோயாளிக்கு டாக்டர் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்ற கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வெளியாயிற்று. சுவீடன் நாட்டில் 22½ நிமிடம். வங்காள தேசத்தில் 48 விநாடி! இந்தியாவில் சுமார் 2 நிமிடம்.

இது டாக்டரின் குற்றம் அல்ல. வாசலில் நூறு பேர் நிற்கும்போது அவர் என்ன செய்வார்? ஜுரம் என்றால் 2 நிமிடம் போதும். பத்து ஆண்டாக வளர்ந்த வயிற்றுக்கு 2 நிமிடம் போதுமா?

அரை மணி நேரத்தில் என்ன நடக்கும்?

உணவையும் நடையையும் கொண்டு வைத்தியம் செய்யும் டாக்டர் முதலில் கேள்வி கேட்கிறார்.

காலையில் என்ன சாப்பிட்டாய்? எத்தனை இட்லி? டீ எத்தனை தடவை? சர்க்கரை எத்தனை கரண்டி? ராத்திரி வேலையா, பகல் வேலையா? எத்தனை மணிக்குத் தூக்கம்? பீடி உண்டா? சாராயம் உண்டா? வீட்டில் சமைப்பது யார்?

பிறகு அளவு எடுக்கிறார். எடை. ரத்தக் கொதிப்பு. இடுப்புச் சுற்றளவு. நம் நாட்டு ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும், பெண்ணுக்கு 80-க்குள். துணி தைக்கும் டேப் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை வியாதி. இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்கள். 100 முதல் 125 வரை இருந்தால் எச்சரிக்கை மணி. திரும்பிப் போக வழி இருக்கும் இடம் இதுதான்.

செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு "தொட்டது தெரிகிறது" என்று சொன்னால் உணர்ச்சி இருக்கிறது. தெரியவில்லை என்றால் அந்தக் காலுக்கு அன்று முதல் காவல் வேண்டும்.

கடைசியில்தான் யோசனை சொல்கிறார். "அரிசியே சாப்பிடாதே" என்று சொன்னால் நெல் விளையும் ஊரில் யார் கேட்பார்கள்? தட்டில் பாதிக்குக் காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, மீன், முட்டை. மீதிக் கால் பங்குதான் சோறு. மத்தியும் நெத்திலியும் கிடைக்கிற ஊரில் இது முடியாத காரியம் அல்ல. கேழ்வரகுக் களி நல்லதுதான். ஆனால் அதிலும் மாவு இருக்கிறது. களியானாலும் அளவு வேண்டும்.

வாரம் 150 நிமிடம் வேகமான நடை. நாளைக்கு அரை மணி என்று ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி.

பெண்கள் எங்கே நடப்பது?

"நட" என்று சொல்வது எளிது. லாரி ஓடும் ரோட்டில், விளக்கு இல்லாத இடத்தில், நாய் குரைக்க, ஒரு பெண் எங்கே நடப்பாள்? "வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறாள்" என்ற பேச்சுக்கு யார் பதில் சொல்வது?

ஊர் தெரிந்த டாக்டர் இதையும் யோசிக்கிறார். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோவிலைச் சுற்றிய வீதிகள் இருக்கின்றன. பாகூரில் ஏரிக்கரை இருக்கிறது. நாலு பெண்கள் சேர்ந்து போனால் பயமும் இல்லை; பேச்சும் இல்லை.

இன்னொரு விஷயம். பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தாய் சாப்பிடுகிறாள். அப்போது கறி தீர்ந்திருக்கும். சோறுதான் மீதி இருக்கும். "வீணாகப் போகிறதே" என்று அதையும் சாப்பிடுகிறாள். அவளுக்கு மட்டும் யோசனை சொல்லிப் பயன் இல்லை. புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லி, "அம்மாவுக்குக் கறியை முதலில் எடுத்து வையுங்கள்" என்று சொல்லவேண்டும். இதற்கும் நேரம் வேண்டும்.

பாட்டி சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் பாட்டி இடுப்பை அளக்கவில்லை. பாதத்தைச் சோதிக்கவில்லை. போன மாதத்து எடையை எழுதி வைத்து, "ஏன் ஏறிற்று?" என்று கேட்கவில்லை. பீஸ் புத்திமதிக்கு அல்ல. விடாமல் கவனிப்பதற்கு!

பலன் உண்டா?

உண்டு. ஆதாரமும் உண்டு.

அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2002-ல் வந்தது. எச்சரிக்கைக் கட்டத்தில் இருந்தவர்களில், உணவைத் திருத்தி, நடந்து, எடை குறைத்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம் குறைந்தது. நடைதான் ஜெயித்தது!

"அது வெள்ளைக்காரர் உடம்பு" என்பார்கள் சிலர். அதற்கும் சென்னையில் பதில் கிடைத்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய வழக்கப்படியே இருந்தவர்களில், மூன்று ஆண்டில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

எல்லோரும் தப்பவில்லை. 100-க்கு 16 பேர் தப்பினார்கள். பொய் விளம்பரம் செய்பவர் "100-க்கு 100" என்பார். உண்மை இவ்வளவுதான். ஆனால் அந்த 16 பேருக்கு அது உயிர்.

ராயபுரம் காட்டிய வழி

சர்க்கரை வியாதிக்கு என்று தனி வைத்தியம் தமிழ்நாட்டில் தொடங்கிய கதை சுவையானது.

டாக்டர் எம். விசுவநாதன் 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இந்த நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. அவருடைய மகன் டாக்டர் வி. மோகனும் இதே துறையில் பெயர் பெற்றார்.

டாக்டர் மோகன் குழுவினர் கிராமத்துக்கும் போனார்கள். செய்யூர் பக்கம் சுணாம்பேடு என்ற ஊர். இப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது. அதைச் சுற்றி 42 கிராமங்களில், வயது வந்த 27 ஆயிரம் பேரில் 23,380 பேரைச் சோதித்தார்கள். சோதனைக் கருவிகள் வைத்த வேன் கிராமம் கிராமமாகச் சென்றது. கண் படத்தைச் செயற்கைக் கோள் வழியாகச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

1,138 பேருக்கு வியாதி. 3,410 பேர் எச்சரிக்கைக் கட்டத்தில்! சுணாம்பேட்டிலேயே ஒரு சிறு வைத்திய நிலையம் வைத்துக் கவனித்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஓர் ஆண்டில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டி வந்தது 100-க்கு 5 பேருக்கும் குறைவு.

ஊரிலேயே கவனிப்பு இருந்தால் ஊரிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும் என்பது இதில் கிடைத்த பாடம்.

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைப் பக்கம் உள்ள சிட்டிலிங்கியில் இன்னொரு பாடம். டாக்டர் ரெஜி ஜார்ஜ், அவர் மனைவி டாக்டர் லலிதா இருவரும் 1993-ல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். நாளடைவில் அவர்கள் வேலை வயலுக்கும் போயிற்று. சிறுதானியம், இயற்கை உரம் என்று விவசாயிகள் சங்கமும் வளர்ந்தது. மருந்துச் சீட்டு தொடங்குவது வயலில் என்று கண்டுகொண்டார்கள்.

டாக்டர் பிழைப்பது எப்படி?

இங்கேதான் சிக்கல். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டாக்டர் நாளைக்கு 100 பேரைப் பார்க்கிறார். ஆளுக்கு 100 ரூபாய். வரும்படி 10,000 ரூபாய்.

இன்னொருவர் ஆளுக்கு அரை மணி ஒதுக்குகிறார். 6 மணி நேரத்தில் 12 பேர். அதே பீஸ் வாங்கினால் 1,200 ரூபாய். மாதம் 25 நாள் என்றால் 30,000. வாடகை, நர்சு சம்பளம், கரண்டுக் கட்டணம் போனால் டாக்டர் கையில் என்ன மிஞ்சும்?

பீசை 300 ரூபாய் ஆக்கினால் மாதம் 90,000. டாக்டர் பிழைத்துக் கொள்வார். ஆனால் கூலிக்காரர் வரமாட்டார்! பீசும் போய், அன்றைய கூலியும் போனால் யார் வருவார்கள்?

இதற்கு ஒரு வழி உண்டு. எல்லோரையும் சேர்த்து உட்கார வைப்பது!

சோதனை தனியாக. பாடம் கூட்டாக. ஞாயிற்றுக்கிழமை 15 பேரைப் பந்தலில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறார். ஆளுக்கு 50 ரூபாய். மொத்தம் 750 ரூபாய். தனித்தனியாக 300 வாங்கி அந்த ஒரு மணியில் இருவரைப் பார்த்தால் 600-தான் வரும். டாக்டருக்கும் நட்டம் இல்லை. கூலிக்காரருக்கும் பாரம் இல்லை.

கூட்டத்தில் இன்னொரு லாபம். "நான் ராத்திரிச் சோற்றை விட்டேன், அஞ்சு கிலோ இறங்கினேன்" என்று பக்கத்துத் தெருக்காரர் சொன்னால் ஊர் நம்பும். டாக்டர் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் ஒருவருடைய ரத்தச் சோதனை முடிவைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. அது அவர் சொந்த விஷயம்.

முதல் தடவை அரை மணி. பிறகு வரும்போது பத்து நிமிடம், குறைந்த பீஸ் என்றும் வைக்கலாம். மாத்திரையையும் ரத்தச் சோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பெற்றுக்கொண்டு, யோசனைக்கு மட்டும் இங்கே வரலாம். இரண்டு சீட்டையும் ஒரே நோட்டில் ஒட்டி வைத்தால் இரு டாக்டருக்கும் விவரம் தெரியும்.

ஆசை எங்கே வரும்?

நோயாளி தேறினால் வருவதைக் குறைத்துக் கொள்வார். டாக்டரின் வரும்படி குறையும். அப்போதுதான் ஆசை எட்டிப் பார்க்கும். வேண்டாத சோதனை எழுதினால் ஆய்வுக்கூடத்தில் கமிஷன். டப்பா மாவு விற்றால் லாபம்.

இதற்குச் சட்டம் கதவு சாத்தி வைத்திருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகள் என்ன சொல்கின்றன? டாக்டர் தம் பீசைப் பலகையில் எழுதிப் போடவேண்டும். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் குறிப்புகளை 3 ஆண்டு வைத்திருக்கவேண்டும். அவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும்.

வைத்திய நிலையங்களைப் பதிவு செய்வதற்கான 2010-ம் ஆண்டுச் சட்டம் 2012 முதல் புதுச்சேரிக்கும் உண்டு. சின்ன கிளினிக்கும் இதில் அடங்கும்.

காசு கொடுக்குமுன் கேளுங்கள்

டாக்டர் பதிவு பெற்றவரா? பீஸ் பலகையில் இருக்கிறதா? எடை, இடுப்பு, ரத்தக் கொதிப்பு எழுதித் தருகிறாரா? பாதத்தைப் பார்த்தாரா? கண் சோதனைக்கு அனுப்புகிறாரா? அவசரம் என்றால் எங்கே போகவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாரா?

இவற்றுக்கு "ஆம்" என்றால் தாராளமாகப் பீஸ் கொடுக்கலாம்.

"இன்றே மாத்திரையை நிறுத்து. இந்தப் பொடியைச் சாப்பிடு. ஒரு மாதத்தில் சர்க்கரை ஓடிவிடும்" என்கிறாரா? உடனே எழுந்து வந்துவிடுங்கள்! மாத்திரை குறையலாம். சிலருக்கு நின்றும் போகலாம். ஆனால் அதைச் சோதனை பார்த்து டாக்டர்தான் படிப்படியாகச் செய்யவேண்டும். சிறு வயதில் வரும் சர்க்கரை வியாதி வேறு வகை. அந்தக் குழந்தைகளுக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

கையில் காசே இல்லையா? கவலை வேண்டாம். 30 வயது ஆன எல்லோருக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்புச் சோதனை அரசாங்க சுகாதார நிலையத்தில் இலவசம். முதலில் அங்கே போகலாம். துணி டேப்பும் ஏரிக்கரையும் இலவசம்தான்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது பழமொழி. நல்ல சாப்பாட்டுக்குச் செலவு செய்தால் மருந்துச் செலவு மிச்சம் என்பது பொருள். அந்தப் பழமொழியையே வைத்தியமாகச் செய்யும் டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவருக்குக் கொடுக்கும் பீஸ் செலவு அல்ல.

பின்னால் வரப்போகும் பெரிய ஆஸ்பத்திரிச் செலவுக்கு இப்போதே போடும் சிறு அணை அது.